பிரம்புக் கதவுக்குப் பின்னால் ஒரு சோடி ஸ்பீக்கர்

இலண்டன்
12-01-1986

அன்பான பத்மா அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முன்னரோ பின்னரோ, இங்கிருந்து ஊருக்குப் புறப்படும் பளீல் நானா கண்டிக்கு வந்து சேர்வார். வந்ததும் உங்கள் கட்டுக்கலை வீட்டு வாசலில் ஒரு பெரிய பெட்டியை இறக்குவார். தயவுசெய்து ஏச வேண்டாம். உள்ளே ஒரு சோடி ஸ்பீக்கரும், கசட்டும் போடக்கூடிய ஒரு சின்ன அம்பிளிபயரும் இருக்கின்றன. நான் வேலை செய்யும் கடையில் காட்சிக்கு வைத்திருந்தவை. ஒன்றின் பக்கப் பலகையில் கீறல் விழுந்துவிட்டது, இனி விற்க முடியாதென்று முதலாளி எனக்குத் தந்துவிட்டார். கீறல் பலகையில்தான். சத்தத்தில் இல்லை. ஒரு நாதஸ்வரக் கசட்டைப் போட்டுப் பார்த்தேன் அக்கா. வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுப்பதும் கேட்டது. அந்தக் கசட்டையும் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

இது அத்தானுக்கு. அந்த ஆடிக் கலவரத்தில் அவருடைய ரேடியோகிராமையும் இசைத்தட்டுகளையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்களே, அந்தச் சாம்பல் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா செத்த பிறகு பதின்மூன்று வயதில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்த மாதமே அந்த ரேடியோகிராமைக் கழற்றிப் போட்டேன். அத்தான் ஒரு வார்த்தை ஏசவில்லை. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இனிப் பூட்டு பாப்பம்" என்றார். இன்றைக்கு நான் சாப்பிடும் சோறு அன்றைக்குப் படித்த தொழிலில் வருவது.

முன்னறையின் நீள அகலத்தையும், யன்னல் எந்தப் பக்கம், அத்தானின் கதிரை எங்கே என்பதையும் எழுதுங்கள். எங்கே வைப்பதென்று நான் சொல்கிறேன். இந்த நாட்டில் என்னுடைய அகதி வழக்கு முடியும்வரை அங்கே வர முடியாது. வந்து பூட்டித் தர முடியாதது ஒன்றுதான் குறை.

உங்கள் தம்பி,
விவேகானந்தன்

*

கட்டுக்கலை, கண்டி
02-02-1986

அன்புள்ள தம்பி,

பெட்டி வந்தது. ஏச வேண்டாமென்று எழுதியிருக்கிறாய். ஏசத்தான் போகிறேன்.

எங்கள் முன்னறை பதினொரு அடி நீளம், ஒன்பது அடி அகலம். அதற்குள் இரண்டு கதிரை, ஒரு செற்றி, நான் பள்ளிக்கூடக் கொப்பிகள் திருத்தும் மேசை, அத்தான் காரியாலயத்திலிருந்து கொண்டுவரும் வரைபடங்களுக்கு ஒரு பலகை. மழைக்காலத்தில் உடுப்புக் காயப்போடுவதும் அங்கேதான். இதற்குள் உன்னுடைய இரண்டு பெட்டிகளையும் வைத்தால் நாங்கள் இருவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அதைவிட, யன்னல் நேரே வீதியைப் பார்க்கிறது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அன்றைக்கு வந்தவர்கள் பழைய வீட்டுக்குள் எதையும் தேடவில்லை, தம்பி. நேரே ரேடியோகிராமுக்குப் போனார்கள். யன்னலால் பார்த்து வைத்திருந்தவர்கள். எங்களிடம் என்ன இருக்கிறது என்பது இனி வீதிக்குத் தெரியக் கூடாது.

பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், அத்தான் ஒரு ஸ்பீக்கரை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார், குழந்தையை வைத்திருப்பதுபோல. "இஞ்சேரும், வடிவான வேலை. கீறலைக் காணேல்லை" என்றார்.

ஆகையால் கேட்கிறேன். இரண்டும் அறைக்குள் இருக்க வேண்டும், ஆனால் இருப்பதாகத் தெரியக் கூடாது. அப்படி ஒரு வழி உண்டா?

அன்பு அக்கா,
பத்மாதேவி

*

இலண்டன்
20-02-1986

அன்பான அக்கா,

வழி உண்டு. இங்கேயும் பெண்கள் கடைக்கு வந்து இதைத்தான் கேட்கிறார்கள். வீதிக்குப் பயந்து அல்ல, அறையின் அழகு கெட்டுவிடும் என்று.

ஸ்பீக்கரை மறைக்கலாம். அடைக்கக் கூடாது. சுவரோடு ஓர் அலுமாரி செய்வியுங்கள். நடுவில் உங்கள் புத்தகங்கள், இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு ஸ்பீக்கர், கீழ்த்தட்டில் அம்பிளிபயர். ஸ்பீக்கரின் மேல்பாதியில் சின்ன வட்டம் ஒன்று இருக்கிறதல்லவா, அது கதிரையில் இருக்கும் ஆளின் காதுக்கு நேராக வர வேண்டும். பின்பலகைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி நான்கு துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் அலுமாரியும் சேர்ந்து பாடும். வயரில் சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. மாறினால் சத்தம் வயிறு இல்லாத ஆள்போல இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் அத்தானின் கதிரை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு காதுக்கும் சமமாக வந்து, வாசிப்பவர்கள் உங்கள் அறையில் முன்னால் இருப்பதுபோலத் தெரியும். இதை மட்டும் மாற்ற வேண்டாம்.

விவேகன்

*

கட்டுக்கலை
16-03-1986

அன்புள்ள தம்பி,

அலுமாரிக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் மஹ்ரூபுக்கு கெலிஓயாவில் தளபாடப் பட்டறை இருப்பது உனக்குத் தெரியாது. மறுபாதி வீட்டில் அவரும் மனைவியும் இருக்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார் என்று பயந்துகொண்டு கேட்டேன். மனிதர் ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நான் முன்பக்கத்துக்குத் துணி போடலாமா என்றேன்.

"துணி போட்டா தூசி புடிக்கும் டீச்சர். பலகை போட்டா சத்தம் உள்ளுக்கே செத்துப் போகும். பிரம்புக் கதவு போடுவோம். கதிரைக்குப் பின்ற மாதிரிப் பின்னித் தாறேன். சத்தம் வெளிய வரும், கண்ணு உள்ளுக்குப் போகாது" என்றார்.

அலுமாரி முடிந்து வந்துவிட்டது. பார்த்தால் பாத்திரம் வைக்கும் அலுமாரி என்றுதான் நினைக்கத் தோன்றும். கெட்டிக்கார மனிதர்.

இத்துடன் அத்தான் வரைந்த அறைப்படம் இருக்கிறது. ஒரு அங்குலம் பிசகாது. அதில் ஒரு விஷயம் கேட்க வேண்டும். கதிரை யன்னல் மூலையில் இருக்கிறது, இடது பக்கம் சுவர். அதை நகர்த்த முடியாது. ஆகவே இரண்டு ஸ்பீக்கரையும் அலுமாரியின் ஒரே அந்தத்தில், அவருடைய வலது பக்கமாக வைத்தால் என்ன? ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைக்கலாம் என்று மஹ்ரூப் சொல்கிறார். அப்படி வைத்தால் பழுதாகுமா?

அக்கா

*

இலண்டன்
04-04-1986

அக்கா,

படத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதற்கு நான் ஏன் இரண்டு அனுப்பினேன்? கதிரையை ஏன் நகர்த்த முடியாது? வேர் விட்டிருக்கிறதா? இங்கே என் கடைக்கு வரும் ஆட்கள் அரை அங்குலம் இப்படி அப்படி என்று அரை நாள் நின்று பார்க்கிறார்கள். நீங்கள் ஒரு கதிரையை மூன்றடி தள்ள மாட்டோம் என்கிறீர்கள்.

அத்தானுக்கு இது விருப்பமில்லையென்றால் நேரே சொல்லுங்கள். இரண்டரை வருடமாக அவர் கையால் எனக்கு ஒரு வரி வரவில்லை. இப்போது வந்திருப்பதும் ஒரு படம், காரியாலயத்துக்கு அனுப்புவதுபோல அளவு போட்டு. என்னில் ஏதாவது மனத்தாங்கல் இருக்கிறதா? கலவரத்தன்று நான் ஓடிப்போனதைப் பற்றி அவர் ஏதாவது நினைக்கிறாரா?

விவேகன்

*

கட்டுக்கலை
27-04-1986

தம்பி,

நீ சொன்னபடியே வைத்திருக்கிறோம். அந்தத்துக்கு ஒன்று. கதிரையை நடுவுக்குக் கொண்டுவந்தாயிற்று. வயர் வெளியே தெரியாமல் அலுமாரிக்குப் பின்னால் போகிறது. சத்தம் மிகவும் நன்றாக இருக்கிறது என்று அத்தான் சொல்கிறார்.

அவருக்கு உன்னில் எந்த மனத்தாங்கலும் இல்லை. அப்படி நீ எழுதியிருக்கக் கூடாது. குளிருக்குக் கம்பளி உடுப்புப் போடு.

அக்கா

*

கட்டுக்கலை
10-06-1986

என் அன்புத் தம்பி,

அத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். அவருக்குச் சொல்லாமல் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இருவரும் சுகமாக இருக்கிறோம். பயப்படாமல் வாசி.

கொழும்பில் குண்டுகள் வெடித்த பிறகு இங்கே தமிழர் இருக்கும் வீடுகளைத் தேடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள், கட்டிலைத் தூக்கினார்கள், அரிசிப் பேணிக்குள் கைவிட்டார்கள். பிறகு ஒருவன் பிரம்புக் கதவைத் திறந்தான்.

இருட்டான பெட்டி. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக வயர். அந்த வயர் அலுமாரிக்குப் பின்னால் மறைவாகப் போய் இன்னொரு பெட்டிக்கு. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்கே அந்த நேரத்தில் அது வேறு ஏதோ சாமான்போலத்தான் தெரிந்தது. வீதியின் கண்ணுக்குத் தெரியக் கூடாதென்று மறைத்தோம். மறைத்ததே குற்றமாகிவிட்டது.

எல்லாரையும் வீதிக்குப் போகச் சொன்னார்கள். நான் முன்னால், அத்தான் பின்னால். வாசல் படலையடியில் ஒருவன் அத்தானுக்கு இடது பக்கத்தில் நின்று "நில்" என்றான். அத்தான் நடந்துகொண்டே இருந்தார். அவன் மறுபடியும் கத்தினான். அத்தான் நடந்தார். அவன் துவக்கைத் தூக்கினான், தம்பி.

நான் சிங்களத்தில் குழறினேன். "அவருக்குக் கேளாது! அந்தக் காது கேளாது!"

வீதி முழுவதும் கேட்டது. நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரியவர்போல இருந்த ஒருவர் வந்து, "காது கேளாத மனிதருக்கு இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் எதற்கு?" என்று கேட்டார். "என் தம்பி அனுப்பினான். அவனுக்குத் தெரியாது" என்றேன். அவர் அத்தானின் அடையாள அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தார். ஆனாலும் அத்தானையும் ஸ்பீக்கர்களையும் அம்பிளிபயரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இனி உனக்கும் சொல்லத்தான் வேண்டும். கலவரத்தன்று உன்னைப் பின் கதவால் தள்ளிவிட்டு அத்தான் முன்வாசலில் நின்றபோது பொல்லால் அடித்தார்கள். இடது காதுக்கு மேலே இழை போட்டது உனக்குத் தெரியும், விழுந்த காயம் என்றுதான் உனக்குச் சொன்னோம். காயம் ஆறிய பிறகுதான் நீ விமானம் ஏறினாய். அதற்குப் பிறகு அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்து, அடுத்த தைப்பொங்கலோடு முற்றாகப் போய்விட்டது. வைத்தியர் ஒன்றும் செய்ய முடியாதென்றார். "தம்பிக்கு எழுதாதையும். தன்னாலைதான் எண்டு நினைப்பான். அங்கை தனியக் கிடந்து யோசிப்பான்" என்று அத்தான் என்னிடம் சத்தியம் வாங்கினார். தானும் எழுதாமல் விட்டார். அவருக்குப் பொய் எழுத வராது.

கதிரை ஏன் சுவரோடு இருந்தது என்று இப்போது விளங்கும். வருகிற சத்தம் எல்லாம் வலது பக்கமாக வரட்டும் என்றுதான். நீ கோபித்த பிறகு அவர்தான், "அவன் சொன்னபடியே வைப்பம்" என்று தூக்கி நடுவில் போட்டார்.

அன்று பின்னேரம் மஹ்ரூப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சாட்சி சொன்னார். அலுமாரி செய்தது நான்தான், கதவு போடச் சொன்னதும் நான்தான் என்று. அங்கே மேசையில் வைத்துப் பூட்டச் சொல்லிப் பாட்டுப் போட்டுக் கேட்டார்களாம். பொழுது சாயும்போது பார்க்கிறேன், இருவரும் மேட்டால் ஏறி வருகிறார்கள். அத்தான் கையில் ஒன்று, மஹ்ரூப் தோளில் மற்றது, கக்கத்தில் அம்பிளிபயர். படலையைத் திறந்தபடியே அத்தான் சொன்னார், "அங்கை எங்கடை அறையை விட நல்லாய்க் கேட்டுது. இடம் பெரிசெல்லே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

உன் அக்கா,
பத்மா

*

கட்டுக்கலை
29-07-1986

தம்பி,

ஏழு கிழமையாக உன் கடிதம் இல்லை. தபால்காரனை நான் வாசலில் நின்று பார்ப்பதை அத்தான் கண்டுவிட்டார். என்ன எழுதினேன் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அன்று சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு, "எழுதினது எழுதினதுதான். பெடியன் பாவம்" என்றார்.

ஒரு வரி எழுது. சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அக்கா

*

இலண்டன்
03-08-1986

அக்கா, அத்தான்,

இந்தக் கடிதத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். அக்கா, அத்தானின் வலது பக்கத்தில் இருந்து வாசியுங்கள்.

எழுதாமல் இருந்தது கோபத்தில் அல்ல. எதைத் தொடங்கினாலும் அந்தப் பின்மதில்தான் வந்து நின்றது. அன்று நான் ஓடவில்லை, அக்கா. மதிலுக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டு இருந்தேன். "உள்ளுக்கு ஒருதரும் இல்லை, நான் மட்டும்தான்" என்று அத்தான் சொன்னது கேட்டது. பிறகு ஒரு சத்தமும் கேட்டது. கதவை உடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது கதவில்லை என்று எனக்குள் எங்கோ தெரியும். உங்களிடம் கேட்கப் பயந்து மூன்று வருடம் கேட்காமலே இருந்தேன். அதனால் நீங்கள் மறைத்தீர்கள் என்று குறைசொல்ல எனக்கு வாயில்லை.

வேருள்ள கதிரை என்றெல்லாம் எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

இனி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் அனுப்பிய கசட்டில் நாதஸ்வரம் வலது பக்கம், தவில் இடது பக்கமாகப் பதிந்திருக்கிறது. நடுவில் இருத்தி, அத்தானுக்கு நான் தவிலைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அம்பிளிபயரின் முன்பக்கத்தில், நடுவில், மோனோ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அமத்துங்கள். இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து வரும். அதற்குப் பிறகு ஒரு ஸ்பீக்கரிலேயே முழுப் பாட்டும் இருக்கும். கதிரையைப் பழையபடி சுவரோடு போடுங்கள். ஒரு ஸ்பீக்கரை அத்தானின் வலது காதுக்கு நேரே, நாலடி தூரத்தில் வையுங்கள். அவ்வளவுதான். கடைக்கு வருபவர்களுக்கு அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம் என்று சொல்வதே என் வேலை. உங்களிடம்தான் முதல்முறை அமத்தச் சொல்கிறேன்.

மற்ற ஸ்பீக்கரைத் திரும்பப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வையுங்கள். பிரம்புக் கதவைக் கழற்றிவிடுங்கள் என்று எழுத நினைத்தேன். பிறகு, அங்கே இருப்பவர் நீங்கள், எது பயமில்லாததென்று உங்களுக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அத்தான், மன்னிப்புக் கேட்டால் நீங்கள் ஏசுவீர்கள். ஆகவே கேட்கவில்லை.

விவேகன்

*

கட்டுக்கலை
31-08-1986

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை நீ சொன்னபடியே அத்தானின் வலது பக்கத்தில் இருந்து வாசித்தேன். மதில் விஷயம் வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அவர் வாங்கித் தானே மிச்சத்தை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "அவனுக்கு எழுதும். ஓடச் சொன்னது நான், கதவைச் சாத்தினதும் நான். என்ரை சொல்லை அவன் கேட்ட ஒரே நாள் அதுதான். அதுக்கும் குந்திக்கொண்டுதானே இருந்திருக்கிறான்" என்றார்.

எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். அவர் கையால் ஒரு கடிதம் தனியாக வருகிறது. நான்கு பக்கம். எனக்குக் காட்டவில்லை.

பொத்தானை அமத்தினோம். அத்தான் கதிரையில் இருந்தார், இடது தோள் சுவரில் முட்டிக்கொண்டு. கசட் ஓடியது. தவில் தொடங்கிய இடத்தில் அவர் கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. நான் கொப்பி திருத்துவதுபோலப் பாவனை செய்துகொண்டு இருந்தேன். அந்தக் கொப்பியில் ஒரு பிழையை மூன்றுதரம் சரி போட்டிருக்கிறேன்.

பிரம்புக் கதவு இருக்கிறது. ஆனால் தேடுதலுக்கு யாராவது வந்தால் நாங்களே முதலில் திறந்து காட்டுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். மஹ்ரூப் கதவுக்கு உட்பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் "பாட்டுப் பெட்டி" என்று பெயின்ரால் எழுதிவிட்டார். "வாறவனும் பயப்படப்படாது, நீங்களும் பயப்படப்படாது டீச்சர்" என்கிறார்.

மற்ற ஸ்பீக்கர் கட்டிலுக்குக் கீழே போகவில்லை. நான் பெட்டியில் போடப் போனேன். அத்தான் மறித்தார். "ஒரு பெட்டியிலேயே முழுப் பாட்டும் இருக்குமெண்டால், மற்றதை ஏன் சும்மா கிடக்க விடுவான்? வயர் நீளமாய் இருக்குத்தானே" என்றார். பென்சிலை எடுத்துக்கொண்டு அளவு பார்க்கத் தொடங்கினார். வயர் போகும் வழி முன்னறைக் கதவு நிலையின் மேலால், நடையால், குசினிக்குள். சனிக்கிழமை முழுதும் அவரும் மஹ்ரூபும் ஏணியில் நின்றார்கள். குசினியில் சரக்குப் பேணிகள் வைக்கும் மேல்தட்டில் இடம் ஒதுக்கி, உன்னுடைய ரியூப் துண்டுகளையும் அடியில் வைத்து, கொத்தமல்லிப் பேணிக்கும் மாசித்தூள் பேணிக்கும் நடுவே தூக்கி வைத்தார்கள். அதற்கும் மஹ்ரூப் ஒரு சின்னப் பிரம்புக் கதவு பின்னித் தந்தார். வெளியால் வந்து பார்ப்பவருக்கு அங்கே ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது.

கல்யாணம் முடித்துப் பதினெட்டு வருடம், தம்பி. அவர் முன்னறையில் பாட்டுக் கேட்பார். எனக்குச் சட்டி பானைச் சத்தத்துக்குள் பாதி வரும், பாதி வராது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. அவர் நினைத்திருக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் நான் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டு நிற்கிறேன். முன்னறையில் பொத்தான் அமத்தும் சத்தம். பிறகு என் தலைக்கு மேலே, பேணிகளுக்கு நடுவிலிருந்து, ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார். உடனே நாதஸ்வரம். நான் கையில் பாலோடு அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் கறி வற்றிப்போனது. கண்டுகொண்டே நின்றேன்.

முன்னறையிலிருந்து அத்தான் கூப்பிட்டார்.

"பத்மா, உமக்குக் கேக்குதோ?"

"ஓம்," என்றேன். அவருக்கு அது கேட்டிருக்காது. ஆகவே கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், வலது பக்கமாக நின்று மறுபடி சொன்னேன்.

உன் அக்கா,
பத்மா